பாடநூல் காட்டாத தோள்

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படிக்கும் உடற்கூறியல் நூல், தோளில் எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. அது பெரும்பாலோரின் அமைப்பு, எல்லோருடையதும் அல்ல. சிலருக்கு ஒரு தசை கூடுதலாக இருக்கும். சிலருக்கு ஒரு தசையின் நுனி வேறிடத்தில் போய் ஒட்டியிருக்கும். இது நோயல்ல, பிறவியிலேயே அமைந்தது. பலர் வாழ்நாள் முழுவதும் இதை அறியாமலே இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஸ்கேன் படத்தைப் படிப்பவரோ, அறுவை செய்பவரோ இதைக் கவனிக்கத் தவறினால் சிகிச்சை தடம் மாறிவிடும்.

அக்குளின் குறுக்கே ஒரு பட்டை

முதுகின் அகன்ற தசையிலிருந்து ஒரு பட்டை பிரிந்து, அக்குளைக் கடந்து, மார்புத் தசைப் பக்கம் போய்ச் சேர்வதுண்டு. 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த ஆஸ்திரிய உடற்கூறியலாளர் கார்ல் லாங்கரின் பெயரால் ‘லாங்கர் வளைவு’ என்கிறார்கள். ஏறத்தாழ 100 பேரில் 7 பேருக்கு இது இருப்பதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன.

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் இது பெரிதும் முக்கியமாகிறது. புற்று பரவியிருக்கிறதா என்று அறிய, அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்துச் சோதிப்பார்கள். பட்டைக்குப் பின்னால் மறைந்த முடிச்சு கண்ணில் படாமல் போகலாம். பட்டையின் ஓரத்தையே முதுகுத் தசையின் ஓரம் என்று எண்ணிவிட்டால், பக்கத்து ரத்தக்குழாயும் நரம்பும் காயப்படக்கூடும். அதனால்தான் பட்டை தென்பட்டால் அதை வெட்டி விலக்கிவிட்டு மேலே தொடர்கிறார்கள்.

அபூர்வமாகச் சிலருக்கு, கையை உயர்த்தும்போது இந்தப் பட்டை அழுத்தியே கை மரத்துப்போகும், வீங்கும்.

முனையைத் தாண்டும் தசை

சிறிய மார்புத் தசை விலா எலும்புகளில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் கொக்கி போன்ற காரகாய்டு முனையில் முடிவது வழக்கம். சிலருக்கு அது அங்கே நிற்காமல், தோள் மூட்டின் உறைவரையோ மேற்கை எலும்புவரையோ நீளும். எம்.ஆர்.ஐ. படத்தில் அதை வேறொரு தசைநாராகத் தவறாகக் கருத இடமுண்டு.

கிழிசல்போல் தெரியும் இயல்பு

தோள் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம், முன்புற மேல்பகுதியில் சிலருக்கு இருக்காது. அந்த இடத்தில் தசைநார் ஒன்று கயிறுபோல் தடித்திருக்கும். 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் 200 தோள் ஆர்த்ராஸ்கோபி (மூட்டு உள்நோக்கி) பதிவுகளை ஆராய்ந்து, 1.5 சதவீதத்தினரிடம் இந்த ‘பியூஃபோர்ட்’ அமைப்பைக் கண்டார்கள். இதைக் கிழிசல் என்று நினைத்து எலும்போடு சேர்த்துத் தைத்துவிட்டால், கையைச் சுழற்றவும் உயர்த்தவும் முடியாமல் வலியும் சேர்ந்துகொள்ளும்.

என்ன செய்யலாம்?

தோள் வலி வந்ததும் இத்தகைய வேறுபாடுதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். தசைநாண் கிழிசல், சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் தோள் இறுக்கம், கழுத்து எலும்புத் தேய்மானம் ஆகியவையே மிகுதி. அக்குளில் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால், தசையாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கையை உயர்த்தும்போது விரல்கள் மரத்துப்போவது, நீலம் பாய்வது, கை வீங்குவது ஆகியவற்றையும் எந்த நிலையில் அவை வருகின்றன என்பதோடு சொல்ல வேண்டும்.

ஸ்கேனிலோ அறுவையிலோ இப்படியொரு வேறுபாடு தெரியவந்தால், அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துவது நல்லது. பின்னாளில் தோளிலோ மார்பகத்திலோ அறுவை செய்ய நேர்ந்தால், அந்த மருத்துவரிடம் அதை முன்கூட்டியே காட்டலாம்.