சரக்கு வண்டியை நடுரோட்டில் நிறுத்தும் பச்சைக் களிம்பு!

கோயம்பேட்டுக்குப் போகும் காய்கறி வண்டி விடியுமுன்னே சரக்கை இறக்கியாக வேண்டும். நேரம் தப்பினால் விலை போச்சு. அந்த நேரம் பார்த்து மதுரவாயல் பக்கம் ஒரு குட்டி யானை நின்றுவிட்டால் டிரைவர் பாடு திண்டாட்டம்தான்.

டீசல் இருக்கும். பேட்டரியும் நன்றாக இருக்கும். சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி.

குற்றவாளி யார்? பல தடவை, கட்டை விரல் அளவு பிளாஸ்டிக் துண்டுதான். மெக்கானிக்குகள் அதை 'கப்ளர்' என்பார்கள். வண்டி முழுக்க நரம்பு மாதிரி ஓடுகிற வயர்க் கட்டுக்கு 'வயரிங் கிட்' என்று பெயர். ஒரு கட்டு இன்னொன்றோடு சேரும் இடத்தில் கப்ளர் இருக்கும். உள்ளே ஆண் பின், பெண் பின் என்று சின்னச் சின்ன உலோகத் துண்டுகள். ஒன்றை ஒன்று இறுகக் கவ்வினால்தான் கரண்ட் ஒழுங்காகப் போகும்.

எலியும் தண்ணீரும்

இதற்கு எதிரிகள் பலர். வாட்டர் சர்வீஸ் என்று என்ஜினுக்குள் பீய்ச்சி அடிக்கிறார்களே, அந்தத் தண்ணீர் முதல் எதிரி. குடோன் ஓரம் இரவில் நிற்கும் வண்டிக்குள் புகுந்து வயரைக் கடிக்கும் எலி இரண்டாவது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. ஆயில் மாற்றி, என்ஜினைத் துடைத்து ஓட்டினால் போதும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் கப்ளருக்குள் போன தண்ணீர் சும்மா இருக்காது. மாதக்கணக்கில் உள்ளேயே தங்கிச் செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றும். வெள்ளத்தை மறந்த பிறகு ஒருநாள் வண்டி மக்கர் பண்ணும்.

களிம்பு ஏறினால் கரண்டுக்குத் தடை. தடை இருந்தால் சூடு. சூட்டில் பின்னின் பிடி தளரும். தளர்ந்தால் இன்னும் சூடு. கடைசியில் பிளாஸ்டிக் உருகிக் கறுத்துப் போகும். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் ஹெட்லைட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். வெளிச்சம் பத்தவில்லை என்று 100 வாட் பல்பைப் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயரும் கப்ளரும் மட்டும் அதே பழசு. எப்படித் தாங்கும்?

இதைவிட மோசம் பியூஸில் செய்கிற கைவரிசை. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு எரிந்த இடத்தில் பச்சையைச் சொருகுகிறார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் செம்புக் கம்பி, சிகரெட் காகிதம்! திருடனைப் பார்த்துக் குரைக்கிற நாயின் வாயைக் கட்டுவது மாதிரி. அப்புறம் பியூஸ் எரியாது. வயர் எரியும், வண்டியும் எரியலாம்.

முறுக்கி ஒட்டினால்...

நடுரோட்டில் அவசரத்துக்குக் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். வீடு போய்ச் சேர அது போதும். ஆனால் வீடு சேர்ந்த பிறகும் அப்படியே விட்டுவிடுவதுதான் வம்பு. என்ஜின் சூட்டில் டேப் பசை இளகும். தண்ணீர் புகும். அடுத்த மெக்கானிக் இன்னும் கொஞ்சம் வெட்டுவார். வயர் குட்டையாகிக்கொண்டே போகும்.

முறையான வேலை வேறு. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். எந்தக் கலர் வயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னைப் பிடித்திருக்கும் சின்ன நாக்கை மெல்லிய ஊசியால் அமுக்கினால் அது பின்பக்கமாக வரும். வயரைப் பிடித்து இழுத்தால் அறுந்து கையோடு வந்துவிடும்.

புதுப் பின்னுக்கு இரண்டு பிடி. ஒன்று செம்பைக் கவ்வ, இன்னொன்று மேல் உறையைக் கவ்வ. அதற்கென்று உள்ள கிரிம்பிங் பிளேயரால் அமுக்க வேண்டும். பல்லால் கடித்து நசுக்குகிற வேலை இங்கே ஆகாது! கொஞ்சம் இழுத்துப் பார்த்து, ரப்பர் சீலோடு கப்ளரில் தள்ளினால் 'டிக்' என்று உட்காரும்.

பல வயர் அறுந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒட்டக் கூடாது. முன்னே பின்னே தள்ளி ஒட்டி, சூடு காட்டினால் சுருங்கும் பசை வைத்த ஸ்லீவ் போட வேண்டும். ஈயம் வைத்தால் கெட்டி என்பது பழைய ஆட்களின் கட்சி. ஆனால் ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்துவிடும். ஓடுகிற வண்டியின் அதிர்ச்சியில் அங்கேதான் முறியும்.

மீட்டர் ஏமாற்றும்

சும்மா மீட்டர் வைத்தால் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தால்கூட 12 வோல்ட் காட்டும். லைட்டை எரியவிட்டு, கப்ளரின் இரண்டு பக்கமும் முள் வைத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் கப்ளர் கரண்டைத் தின்கிறது என்று அர்த்தம்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.6 வண்டிகளில் சென்சார்கள் அதிகம். அவற்றில் பலவற்றுக்கு 5 வோல்ட்தான். அங்கே லேசாகக் களிம்பு பிடித்தாலே கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போடும். பழைய பழக்கத்தில் 12 வோல்ட்டைத் தொட்டுப் பார்த்தால் சென்சார் காலி. ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் கப்ளர் தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும்; ஏர்பேக் லைன் அது.

புதுக் கப்ளருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகள், பழசுக்குப் புதுப்பேட்டை. பழசு வாங்குகிறவர்கள் கப்ளரை மட்டும் வாங்கக் கூடாது. ஒரு சாண் வயரோடு வெட்டித் தரச் சொல்ல வேண்டும். பூட்டு நாக்கு முழுசாக இருக்கிறதா, உள்ளே பச்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, வயரின் வெட்டிய முனையையும் கொஞ்சம் சீவிப் பார்க்க வேண்டும். உள்ளே செம்பு கறுத்திருந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.