தம்பி வக்கீல், இஎம்ஐ அக்கா பேர்ல: ஆன்லைன் சட்ட கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா?

போன வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசுல நின்னுடுச்சு. வில்லியனூர் பக்கத்துல ஒரு கிராமத்திலேர்ந்து, சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க.

"அண்ணா, எனக்கு கைக்கு 28,000 வருது. தம்பி எல்.எல்.பி. முடிச்சு என்ரோல் பண்ணி, பாண்டிச்சேரி கோர்ட்டுல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கான். அவர் மாசம் 8,000 தர்றார். ஆன்லைன்ல வக்கீல்களுக்கான டிப்ளமோ ஒண்ணு இருக்காம், 48,000 ரூபாய். அவனுக்கு பே ஸ்லிப் இல்லாததால லோன் என் பேர்ல எடுக்கச் சொல்றாங்க. 'அக்கா, இது இல்லாட்டி நான் பின்தங்கிடுவேன்'னு சொல்றான். கட்டலாமா?"

வீட்டுக்கு ஒரு சம்பளக்காரர் இருந்தா இந்தக் கேள்வி வராம இருக்காது. இங்க சட்ட கோர்ஸ், இன்னொரு வீட்டுல டேட்டா அனலிடிக்ஸ். கணக்கு ஒண்ணுதான். பொறுமையா பார்த்துடலாம்.

தம்பி சொல்றதுல நியாயம் இருக்கா?

இருக்கு. முதல்ல அதை ஒத்துக்கணும்.

2024 ஜூலை 1 அன்னிக்கு நாட்டோட மூணு பெரிய குற்றவியல் சட்டங்கள் மாறிடுச்சு. 1860-லேர்ந்து இருந்த இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய சாக்ஷ்ய அதினியம்.

ஊர்ல யாரையாவது "420"னு திட்டுவோம் இல்லையா? புதுச் சட்டத்துல மொத்தமே 358 பிரிவுதான், 420-னு ஒரு பிரிவே கிடையாது. மோசடி இப்ப 318(4). கொலைக்கு 302 போய் 103 வந்துடுச்சு. புதுச் சட்டத்தோட 302 மத உணர்வைப் புண்படுத்துற பேச்சைப் பத்தினது. முன்ஜாமீன் 438-லேர்ந்து 482-க்குப் போயிருக்கு. அதே 482 பழைய சட்டத்துல உயர் நீதிமன்றத்தோட தனி அதிகாரத்தைக் குறிச்ச எண். இதுல இன்னொரு சிக்கல்: 2024 ஜூலை 1-க்கு முன்னாடி நடந்த குற்றத்துக்கு இன்னும் பழைய தண்டனைச் சட்டம்தான். ஆக, ஒரு ஜூனியர் ரெண்டையும் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

வருமான வரியும் அப்படித்தான். 1961-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலா, 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம். பிரிவு எண்கள் எல்லாம் மாறுது.

அதனால வக்கீல் படிச்சுக்கிட்டே இருக்கணும்கிறது உண்மை. அந்தப் படிப்பை 48,000 ரூபாய் கொடுத்துத்தான் வாங்கணுமாங்கிறதுதான் நம்ம கேள்வி.

அந்த சர்டிபிகேட்டுக்கு சட்டப்படி என்ன மதிப்பு?

வெளிநாட்டுல சில இடங்கள்ல இது கட்டாயம். நியூயார்க்ல அனுபவமுள்ள வக்கீல் 2 வருஷத்துக்கு 24 மணி நேரம் தொடர்கல்வி முடிச்சாகணும். இங்கிலாந்துல வருஷம் 16 மணி நேரம்னு ஒரு கணக்கு இருந்துச்சு. 2016-ல அதை எடுத்துட்டு, "உனக்கு என்ன தெரியலையோ அதை நீயே பார்த்துப் படி"ங்கிற முறைக்கு மாறிட்டாங்க. மணிக்கணக்கா உட்கார்ந்தா மட்டும் திறமை வந்துடாதுங்கிற யோசனை.

நம்ம நாட்டுல, வக்கீலா தொடர இத்தனை மணி நேரம் கோர்ஸ் முடிச்சே ஆகணும்னு நாடு முழுக்க ஒரு கட்டாயம் இல்லை. கட்டாயமா இருக்கிறது அகில இந்திய பார் தேர்வு. அதை அரசியல் சாசன அமர்வே 2023 பிப்ரவரியில செல்லும்னு சொல்லிடுச்சு. தம்பி அதை பாஸ் பண்ணிட்டாரான்னு முதல்ல கேளுங்க. இல்லைன்னா நேரமும் காசும் முதல்ல அங்கதான் போகணும்.

"பார் கவுன்சில் அங்கீகாரம்"னு விளம்பரத்துல பார்த்தா எழுத்துல கேளுங்க. ஆன்லைன்லயோ தொலைதூரத்துலயோ படிச்ச எல்.எல்.பி.யை வெச்சு என்ரோல் பண்ண முடியாது. எல்.எல்.எம். விஷயத்துலயும், அனுமதி இல்லாம ஆன்லைன்ல நடத்துற படிப்புகள் பத்தி 2025-ல இந்திய பார் கவுன்சில் எச்சரிக்கை விட்டுருக்கு. டிப்ளமோ, சர்டிபிகேட் கோர்ஸ் நடத்துறது தப்பில்ல. ஆனா அது அறிவுக்குத்தான், லைசென்ஸுக்கு இல்ல. சர்டிபிகேட்டைக் காட்டினா ஜட்ஜ் கேஸைத் தூக்கிக் கொடுத்துட மாட்டார், கட்சிக்காரரும் கூடுதல் ஃபீஸ் தர மாட்டார்.

இப்ப கணக்கு

கோர்ஸ் 48,000. இதோட 18% ஜிஎஸ்டி சேர்த்தா 56,640. 12 மாசத் தவணைன்னா மாசம் 4,720.

தம்பியோட 8,000-ல இது 59%. அவர் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் எடுத்துக்கிட்ட பிறகு இதைக் கட்ட முடியாது. ஆக கட்டப்போறது அக்காதான். அக்காவோட 28,000-ல இது கிட்டத்தட்ட 17%.

"நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு சொல்றாங்களா? ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மொத்தமா இன்னிக்கே கட்டினா எவ்வளவு?" 10% குறைச்சுத் தர்றோம்னு சொன்னா, ரொக்க விலை 50,976. தவணையில 56,640. அந்த 5,664 ரூபாய்தான் வட்டி, பேர் மட்டும் வேற. வருஷ வட்டி கணக்குல போட்டா சுமார் 20% வருது. நகைக்கடனே இதைவிட மலிவு.

இன்னும் ரெண்டு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, லோன் கொடுக்கிறது கோர்ஸ் கம்பெனி இல்ல, ஒரு நிதி நிறுவனம். நாளைக்கு கிளாஸ் பிடிக்கலைன்னாலும், கம்பெனியே மூடிட்டாலும், தவணை நிக்காது. கட்டலைன்னா சிபில் ஸ்கோர் அடிபடுறது அக்காவுக்கு. நாளைக்கு கல்யாணச் செலவுக்கோ வீட்டு லோனுக்கோ போய் நிக்கிறது அவங்கதான்.

ரெண்டு, கையெழுத்துக்கு முன்னாடி "கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்" கேட்டு வாங்குங்க. மொத்தச் செலவையும் சேர்த்த வருஷ வட்டி விகிதம் அதுல இருந்தாகணும், ரிசர்வ் வங்கி விதி. ஆப் மூலமா எடுக்கிற கடன்ல மனசு மாறினா வெளியேற குறைஞ்சது ஒரு நாளாவது அவகாசம் தரணும். அந்த நாளைத் தவற விடாதீங்க.

"வரி மிச்சமாகும்"னு சொன்னாங்களே?

ஆகாது. வருஷம் 3.36 லட்சம் சம்பளத்துக்கு புதிய வரி முறையில வரியே வராது, அப்புறம் எங்க மிச்சம் பண்றது? வரி கட்டுற சம்பளமா இருந்தாலும், கல்விக் கடன் வட்டிக்கான சலுகை (1961 சட்டத்துல 80E) பழைய முறையில மட்டும்தான். அதுவும் தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, இல்லைன்னா சட்டப்படி தான் கார்டியனா இருக்கிற மாணவருக்கு எடுத்த கடனா இருக்கணும். தம்பி அந்தப் பட்டியல்லயே இல்ல.

தம்பி தொழில் வருமானத்துக்கு அனுமான வரி முறையில (1961 சட்டத்துல 44ADA) கணக்கு காட்டினா, வரவுல பாதி லாபம்னு எடுத்துக்குவாங்க. மீதிப் பாதியில எல்லாச் செலவும் அடக்கம். கோர்ஸ் ஃபீஸைத் தனியா கழிக்க முடியாது.

வில்லியனூர், பாகூர்ல வக்கீலுக்கு எது சோறு போடும்?

இதுதான் முக்கியமான இடம். நகரம் வளர வளர நம்ம கொம்யூன்கள்ல வயலெல்லாம் மனையாகுது. பாகப்பிரிவினை, பத்திரம், பட்டா, வழிப்பாதைத் தகராறு. கூடவே செக் பவுன்ஸ், ஜீவனாம்சம், விபத்து நஷ்டஈடு.

இதுல புதுச்சேரிக்குன்னு ஒரு தனித்தன்மை இருக்கு. 1954 நவம்பர் 1 வரைக்கும் இங்க பிரெஞ்சு ஆட்சி. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. பழைய சொத்துன்னா நொத்தேர் முன்னாடி எழுதின பிரெஞ்சுப் பத்திரம் வரும், ரீ-சர்வே நம்பர் பக்கத்துல கதாஸ்தர் நம்பர் வரும். 1881-ஆம் வருஷத்து பிரெஞ்சு ஆணைப்படி தங்களோட சொந்த மதச் சட்டத்தைத் துறந்தவங்களோட வாரிசுகள் இருந்தா, சொத்து யாருக்குப் போகும்கிறதுக்கு பிரெஞ்சு சிவில் சட்டத்தைப் பார்க்கணும்.

டெல்லியிலேர்ந்து ஜூம்ல நடத்துற டிப்ளமோ இதைச் சொல்லித் தராது. இது சீனியரோட அலமாரியில இருக்கு, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்கு, பழைய பத்திரம் எழுதினவங்க ஞாபகத்துல இருக்கு. தம்பி அங்க உட்கார்ந்து ஒரு 20 மூலப்பத்திரத்தைப் படிச்சு நோட்ஸ் எடுத்தா, அது பிரேம் போட்ட சர்டிபிகேட்டைவிட பெரிய சொத்து.

காசு இல்லாம கிடைக்கிறது என்னென்ன?

• உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்: இ-எஸ்சிஆர் தளத்துல 2023 ஜனவரியிலேர்ந்து இலவசம்.
• சட்டப் புத்தகங்கள்: இந்தியா கோட் தளத்துல மத்திய சட்டங்கள் எல்லாம் இருக்கு.
• பழைய பிரிவுக்குப் புதுப் பிரிவு: தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட "சங்கலன்" ஆப்.
• பாடம்: மத்திய அரசோட ஸ்வயம் தளத்துல சட்டப் பேராசிரியர்கள் நடத்துற கோர்ஸ்கள். படிக்கிறது இலவசம், சான்றிதழுக்கான பரீட்சைக்கு மட்டும் கட்டணம்.
• வாதம் கேட்க: அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பர்லேர்ந்து நேரலையா வருது.

அப்ப எப்பதான் காசு கட்டலாம்?

மூணு கேள்விக்கும் "ஆமா" வந்தா தாராளமா கட்டலாம்.

1. இந்த கோர்ஸ் முடிஞ்சதும் செய்யப்போற ஒரு வேலையைப் பேர் சொல்லிக் காட்ட முடியுமா? "அறிவு வளரும்" பதில் இல்ல. "செக் பவுன்ஸ் புகாரை நானே தனியா டிராஃப்ட் பண்ணுவேன்"ங்கிறது பதில்.
2. நான் எழுதினதை ஒரு வக்கீல் திருத்தித் தருவாரா? ரெக்கார்டிங் மட்டும்னா அது வீடியோதான், பயிற்சி இல்ல. டிராஃப்டிங் திருத்தத்துக்குக் காசு கொடுக்கிறது நியாயம்.
3. கடன் இல்லாம, மூணு மாசச் சேமிப்புக்குள்ள கட்ட முடியுமா?

கட்டின பிறகு ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா சும்மா விடாதீங்க. முதல்ல 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தீரலைன்னா நம்ம ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் சரி. 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்ல. தம்பியோட முதல் தனி வழக்கா அதுவே ஆகட்டும்!

பின்தங்க வைக்கிறது 8,000-தான்

மனசுல படுறதைச் சொல்லிடறேன். தம்பியோட உண்மையான பிரச்சினை கோர்ஸ் இல்லாதது இல்ல, வருமானம் இல்லாதது.

2024 ஜூன்ல, புதுச்சேரி அரசு எதிர்த்தரப்பா இருந்த ஒரு வழக்குல, சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர் வக்கீல்களுக்கு சென்னை, மதுரை, கோவையில 20,000, மத்த ஊர்கள்ல 15,000 ரூபாயாவது உதவித்தொகை தரணும்னு பார் கவுன்சில் மூலமா நடைமுறைப்படுத்தச் சொல்லுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000-னு பரிந்துரை பண்ணுச்சு. பரிந்துரைதான், எல்லா சீனியராலயும் கொடுக்க முடியாதுன்னு அதுலயே ஒத்துக்கிட்டாங்க. ஆனாலும் 8,000-க்கும் 15,000-க்கும் நடுவுல வருஷம் 84,000 வித்தியாசம் இருக்கு. எந்த டிப்ளமோவும் அடுத்த வருஷமே அதைத் தந்துடாது. தம்பி சீனியர்கிட்ட மரியாதையா ஒரு தடவை பேசிப் பார்க்கணும்: "சார், ரெண்டு வருஷம் ஆச்சு, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க"ன்னு. கேட்டா கோபிச்சுக்குவாரோங்கிற பயம் எல்லாருக்கும் இருக்கு. கேட்காம கிடைக்கிறது அரிது.

தங்கச்சிக்கு என் பதில்

லோன் வேணாம்மா. தம்பிக்கு உதவணும்கிற மனசு பெரிசு, அதை வேற வழியில செய்ங்க. மூணு புதுச் சட்டப் புத்தகங்களையும் வாங்கிக் கொடுங்க. மாசம் 1,500 ரூபாயை "தம்பி படிப்பு"ன்னு தனி ஆர்.டி.யில போடுங்க. ஆறு மாசம் அவர் இலவசமா கிடைக்கிறதை ஒழுங்கா படிக்கட்டும். அப்புறமும் ஒரு டிராஃப்டிங் கோர்ஸ் வேணும்னு தோணிச்சுன்னா, கையில 9,000 இருக்கும், ரொக்கமா கட்டுங்க. படிக்கலைன்னா அந்த 9,000 உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்கு.

இன்னொண்ணு. சட்டம் படிச்ச நீங்க சம்பள வேலையில சேர்ந்துட்டீங்கன்னா, முழு நேர ஊழியரா இருந்துக்கிட்டே வக்கீல் தொழில் பண்ண பார் கவுன்சில் விதி இடம் கொடுக்காது. "சைடு வருமானம்"னு நினைச்சு இந்த கோர்ஸை வாங்கிடாதீங்க.

பாகூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 9-ஆம் நூற்றாண்டுல, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து பாகூர் செப்பேடு, அந்த ஊர்ல இருந்த கல்விச்சாலைக்கு மூணு கிராமங்களைத் தானமா விட்டதைச் சொல்லுது. படிப்பு நிக்காம நடக்கணும்னா பின்னாடி ஒரு நிலையான வருமானம் இருக்கணும்னு அப்பவே யோசிச்சிருக்காங்க. நாமளும் கல்விக்குச் செலவு பண்ணுவோம், வர்ற வருமானத்திலேர்ந்து. அடுத்த வருஷச் சம்பளத்தை அடகு வெச்சு வேணாம்.

இதே மாதிரி உங்க வீட்டுல ஒரு கோர்ஸ், ஒரு இஎம்ஐ ஓடிட்டு இருந்தா, ரொக்க விலையையும் தவணையையும் எழுதுங்க. அடுத்த வீடியோவுல உண்மையான வட்டி எவ்வளவுன்னு ஒண்ணொண்ணா போட்டுப் பார்த்துடலாம்.