ஒரு மீட்டர், 19 பாட்டரி: வயர் மாற்றும் வேலை கம்ப்யூட்டருக்கு!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்கிறீர்கள், கடிதம் டைப் செய்கிறீர்கள். அதே கம்ப்யூட்டர் லேபில் ராத்திரி முழுக்க வயர் மாற்றி அளவெடுக்கும் என்றால் நம்புவீர்களா? லேப் கருவிகளுக்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை. அதில் ஒரு சின்ன பகுதியைப் பார்ப்போம்.

19 பாட்டரிகளில் சார்ஜ் எப்படி இறங்குகிறது என்று சோதிக்க வேண்டும். இருப்பதோ ஒரே மல்டிமீட்டர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்தால் மணிக்கு 114. ஒரு நாளைக்கு 2,736! கையால் எடுத்தால் 13-ன் அளவு 14-ல் ஏறிவிடும்.

சுவிட்ச் பெட்டி

இதற்குத்தான் மல்டிபிளக்சர். உள்ளே வரிசையாக ரிலேக்கள் இருக்கும். வீட்டு ஸ்டெபிலைசரில் 'டக்' என்று கேட்கிறதே, அந்த மின்சுவிட்ச்தான் ரிலே. ஒரு பாட்டரிக்கு ஒரு சேனல். எல்லாச் சேனல்களும் ஒரே மீட்டரில் சேரும். பல லேப்களில் உள்ள 34970ஏ என்ற கருவியில் மூன்று கார்டுகள் பொருத்தலாம். 34901ஏ கார்டு ஒன்றில் 20 சேனல்கள்.

கம்ப்யூட்டருடன் இணைக்க ஜிபிஐபி கேபிள் உண்டு. 1975-ல் ஐஇஇஇ 488 என்று தரப்படுத்தப்பட்டது. கம்ப்யூட்டரையும் சேர்த்து 15 கருவிகளை இணைக்கலாம். கேபிள் மொத்தம் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது. இன்றைய கருவிகள் பலவற்றில் யுஎஸ்பி போர்ட்டே போதும். புரோகிராம் எழுத பைதான், கருவியுடன் பேச பைவிசா, இரண்டும் இலவசம்.

வரிசை முக்கியம்

1. எல்லா ரிலேக்களையும் ஆஃப் செய்யவும்.
2. ஒரு சேனலை மட்டும் ஆன் செய்யவும்.
3. சிறிது காத்திருக்கவும். ரிலேயின் முனைகள் சில மில்லிசெகண்ட் துள்ளிவிட்டுத்தான் நிற்கும். அதற்குள் படித்தால் அளவு தப்பு.
4. அளவை, நேரம் மற்றும் சேனல் நம்பருடன் பைலில் எழுதவும்.
5. ஆஃப் செய்துவிட்டு அடுத்ததற்குப் போகவும்.

இரண்டு சேனல்கள் ஒன்றாக ஆன் ஆனால் இரண்டு பாட்டரிகள் நேரடியாக இணைந்துவிடும். வோல்டேஜ் கூடியதிலிருந்து குறைந்ததற்கு கரண்ட் பாயும். ரிலே முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். அதன் பிறகு புரோகிராம் 'ஆஃப்' என்றாலும் ரிலே ஆஃப் ஆகாது. கட்டளை போய்விட்டது என்பது மட்டும்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும்!

20 சேனல் இருந்தும் 19 பாட்டரி ஏன் என்று இப்போது புரியும். 20-ம் சேனலில் பாட்டரிக்குப் பதில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஒவ்வொரு பாட்டரியையும் ஆஃப் செய்ததும் இதைப் படிக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் சரி. பாட்டரி வோல்டேஜ் தெரிந்தால் ஏதோ ஒரு ரிலே ஒட்டியிருக்கிறது. புரோகிராம் அங்கேயே நின்று அலாரம் அடிக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டரி வயரிலும் ஒரு பியூஸ் போடுவதும் அவசியம்.

வீட்டில் முயல விரும்புபவர்கள் யுஎஸ்பி ரிலே போர்டும் 1.5 வோல்ட் டார்ச் செல்களும் வைத்துத் தொடங்கலாம். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்!