இன்குபேட்டர் ஓரத்து அல்ட்ராசவுண்டும் ஐந்து இலக்கக் குறியீடும்

அமெரிக்க மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், குறைமாதக் குழந்தையை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுக்காமல், சிகிச்சை அளிக்கும் மருத்துவரே அல்ட்ராசவுண்ட் கருவியால் அதன் மூளையையும் இதயத்தையும் நுரையீரலையும் ஆராயும் முறை பரவிவருகிறது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2022இல் இதுபற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. இந்த ஆய்வு எப்போது கட்டணத்துக்குரியதாகும் என்பதை, அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 முதல் வெளியிட்டுவரும் சிபிடி என்னும் சேவைக் குறியீட்டுத் தொகுப்பு வரையறுக்கிறது.

பிறந்து 28 நாளுக்கு மேற்படாத, உயிராபத்தான நிலையிலுள்ள குழந்தைக்கு முதல் நாள் கவனிப்பு 99468 என்றும், அடுத்துவரும் ஒவ்வொரு நாளும் 99469 என்றும் குறிக்கப்படும். மூச்சுக்குழாய் பொருத்துதல், தொப்புள்கொடி நாளத்தில் குழாய் செலுத்துதல், முதுகுத்தண்டு நீர் எடுத்தல் முதலியன இந்த நாள்கட்டணத்துக்குள் அடங்கிவிடுவதால் அவற்றுக்குத் தனிக்கட்டணம் கோர இயலாது. அல்ட்ராசவுண்ட் அப்பட்டியலில் இல்லாமையால், தலைக்கு 76506, மார்புக்கு 76604 எனத் தனிக் குறியீடுகளைப் பெறுகிறது.

ஆயினும் கருவியைக் குழந்தையின்மேல் வைத்த மாத்திரத்தில் குறியீடு கிடைத்துவிடாது. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் இணையாத உச்சிக்குழியின்மேல் கருவியை வைத்து, மூளை அறைகளில் இரத்தம் கசிந்துள்ளதா என்று பார்க்கும் மருத்துவர், உறுப்பை முறையாக ஆராய்ந்திருக்க வேண்டும், படங்களைச் சேமித்திருக்க வேண்டும், கண்டதை எழுத்து வடிவ அறிக்கையாகவும் தந்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது தனியே கட்டணம் கோரத்தக்க பரிசோதனை ஆகாது. நள்ளிரவில் மூச்சுத் திணறும் குழந்தையின் மார்பில் காற்று தேங்கியுள்ளதா என்று விரைந்து பார்த்துவிட்டுப் படத்தைச் சேமிக்காமல் விட்டால், சிகிச்சை சரியானதாகவே இருந்தாலும் 76604க்கு இடமில்லை. இவ்விதியை வெறும் அலுவலகக் கெடுபிடி எனத் தள்ளிவிடலாகாது. மூளை அறைகள் வீங்கிவருகின்றனவா என்பதை அடுத்த வாரம் வேறொரு மருத்துவர் அறிய, முந்தைய படமே அவருக்கு அளவுகோல். கருவி மருத்துவமனைக்குச் சொந்தமாயிருப்பின், மருத்துவர் தம் ஆய்வுக்கும் அறிக்கைக்கும் மட்டுமே கட்டணம் கோருவதைக் காட்ட, குறியீட்டுடன் 26 என்னும் துணைக்குறியையும் சேர்க்க வேண்டும்.

செய்த வேலையைச் சொல்லும் இக்குறியீட்டோடு, அதைச் செய்ததன் காரணத்தைச் சொல்லும் நோய்க் குறியீடும் இணைந்தால்தான் காப்பீட்டு நிறுவனம் அதன் தேவையை ஏற்கும். 2015 அக்டோபர் முதல் அங்கு நடைமுறையிலுள்ள ஐசிடி-10-சிஎம் தொகுப்பில், 25 வாரம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு பி07.24 என்னும் குறியீடு உண்டு. மூளை அறை இரத்தக்கசிவின் முதல் நிலைக்கு பி52.0, அறைகள் விரிவடையும் மூன்றாம் நிலைக்கு பி52.21, மூளைத் திசுவிலும் இரத்தம் காணப்படும் நான்காம் நிலைக்கு பி52.22 எனக் கசிவின் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. ஆகவே அறிக்கையில் 'கசிவு உள்ளது' என்று மட்டும் எழுதி, நிலையைக் குறிப்பிடாமல் மருத்துவர் விட்டுவிட்டால், குறியீடு இடுபவர் படத்தைப் பார்த்துத் தாமாக நிலையை ஊகிக்க உரிமையற்றவராதலால், அந்த அறிக்கை விளக்கம் கேட்டு மருத்துவரிடமே திரும்புகிறது.