நிறுமத்தின் பதிவு அலுவலகம்: சொந்த முகவரியும் பிறர் முகவரியும்

பதிவு அலுவலகம் என்பது அரசு, நீதிமன்றம், கடன் கொடுத்தோர், உறுப்பினர் ஆகியோர் ஒரு நிறுமத்துக்கு அனுப்பும் கடிதங்களும் அறிவிப்புகளும் சட்டப்படி வந்து சேரும் இடமாகும். நிறுமம் வணிகம் செய்யும் இடமும் பதிவு அலுவலகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புதிதாக நிறுமம் தொடங்குவோர் இம்முகவரியாக இயக்குநர் ஒருவரின் வீட்டைக் கொடுப்பதா, பட்டயக் கணக்கர் அல்லது நிறுமச் செயலரின் அலுவலகத்தைக் கொடுப்பதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டியுள்ளது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் ஒவ்வொரு நிறுமமும் தான் பதிவான மாநிலத்தில் 'பதிவு முகவர்' ஒருவரை வைத்திருக்க வேண்டும். வழக்கு ஆவணங்களை நிறுமத்தின் சார்பில் பெற்றுக்கொள்வது அவர் வேலை. அம்மாநிலத்தில் வசிக்கும் உரிமையாளர் தாமே முகவராக இருக்கலாம். ஆண்டுக் கட்டணம் செலுத்தி வேறொருவரையும் அமர்த்தலாம். பிரித்தானியாவில் 2024 மார்ச் 4 முதல், அனுப்பும் ஆவணம் நிறுமத்தின் சார்பில் செயல்படும் ஒருவரின் கவனத்துக்கு வரக்கூடிய முகவரியே பதிவு அலுவலகமாக ஏற்கப்படுகிறது. அங்கு அஞ்சல் பெட்டி எண் மட்டும் போதாது.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் உள்நாட்டு நிறுமங்களுக்குப் பதிவு முகவர் என்ற பதவி இல்லை. அயல்நாட்டு நிறுமம் மட்டுமே, அறிவிப்புகளைப் பெற இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் பெயரைப் பதிவாளரிடம் தர வேண்டும் (பிரிவு 380). மற்றவற்றுக்கு, நிறுமங்கள் சட்டம், 2013-இன் பிரிவு 12 பொருந்தும். அதன் முக்கிய விதிகள்:

- பதிவான 30 நாட்களுக்குள், கடிதங்களைப் பெற்று ஒப்புகை தரக்கூடிய பதிவு அலுவலகம் இருக்க வேண்டும்.
- நிறுமத்தின் பெயரும் முகவரியும் உள்ள பலகையை அலுவலகத்துக்கு வெளியே வைக்க வேண்டும். அப்பகுதியின் மொழியிலும் அது எழுதப்பட வேண்டும். ஆகவே கள்ளக்குறிச்சியில் தமிழ்ப் பலகை கட்டாயம்.
- வாடகை இடமானால் வாடகை ஒப்பந்தமும் ரசீதும், பிறர் இடமானால் உரிமையாளரின் ஒப்புதலும் தேவை. இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின்கட்டண ரசீது போன்ற சான்றும் இணைக்க வேண்டும்.
- விதிகளை மீறினால் நிறுமத்துக்கும், தவறிய ஒவ்வோர் அலுவலருக்கும் நாளொன்றுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை உண்டு. சிறு நிறுமங்களுக்கும் உற்பத்தியாளர் நிறுமங்களுக்கும் பிரிவு 446பி-யின்படி இது பாதிக்கு மேல் போகாது.

இயக்குநரின் வீட்டைப் பதிவு அலுவலகமாக வைக்கச் சட்டம் தடை செய்யவில்லை. அங்கு வரும் கடிதத்தை வாங்க ஆள் இருக்கிறாரா என்பதையே அது பார்க்கிறது.

கடிதம் தவறினால்

பூட்டிய கதவைக் கண்டு அஞ்சல்காரர் திரும்பிப் போனால் அறிவிப்பு சேரவில்லை என்று பலர் கருதுகின்றனர். இது தவறு. சரியான முகவரிக்கு முறைப்படி பதிவு அஞ்சலில் அனுப்பிய ஆவணம், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை, சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் (பிரிவு 27). காசோலை திரும்பிய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் அலவி ஹாஜி வழக்கில் உறுதிசெய்தது. அவ்வழக்குகளில் அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். அக்கடிதத்தைப் பார்க்காத நிறுமத்துக்கு அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

பதிவாளரின் கடிதம் திரும்பி வந்தால் அவர் நேரில் ஆய்வு செய்யலாம். இந்த ஆய்வு உள்ளூரைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில், ஒளிப்படத்துடன் நடக்க வேண்டும் என்று 2022-இல் விதி சேர்க்கப்பட்டது. நிறுமம் அங்குச் செயல்படவில்லை என்று தெரிந்தால், அதன் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கை தொடங்கலாம் (பிரிவு 248). அதற்கு முன் அனுப்பப்படும் அறிவிப்புக்குப் பதிலளிக்க 30 நாள் தரப்படும். நிறுமத்துக்கான அந்த அறிவிப்பும் அதே முகவரிக்கு வரும். பெயர் நீங்கிய பின் மீட்க, தேசிய நிறுமச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும்.

கல்வராயன் மலையில்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. மலையின் மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தில் உள்ளது. மலையாளி பழங்குடியினர் வாழும் இம்மலையில் மரவள்ளி, சாமை, கடுக்காய், தேன், புளி போன்றவை கிடைக்கின்றன. இவற்றை விவசாயிகள் ஒன்றுசேர்ந்து விற்க ஏற்ற அமைப்பு உற்பத்தியாளர் நிறுமம். அதைப் பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து தொடங்கலாம். 2020-இல் தொடங்கிய நடுவண் அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் சேரச் சமவெளியில் 300 உறுப்பினரும், மலைப் பகுதிகளில் 100 உறுப்பினரும் தேவைப்பட்டனர்.

இத்தகைய நிறுமம் மூன்று வகை முகவரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

மலைக் கிராமத்தில் இயக்குநரின் வீடு: வாடகை இல்லை, உறுப்பினர்களுக்கு அருகில் இருக்கும். உறுப்பினர் பதிவேடும் கணக்குப் புத்தகங்களும் பொதுவாகப் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டியவை என்பதால் உறுப்பினர்கள் அவற்றைப் பார்ப்பது எளிது. ஆனால் அறுவடைக் காலத்தில் வீட்டார் அனைவரும் காட்டுக்குப் போய்விட்டால் கடிதம் வாங்க ஆளிருக்காது. வீட்டு முகவரியும் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவாகிவிடும். அந்த இயக்குநர் விலகினால் முகவரியையும் மாற்ற வேண்டிவரும்.

கள்ளக்குறிச்சி நகரில் கணக்கரின் அலுவலகம்: வேலை நேரத்தில் எப்போதும் ஆள் இருப்பர், கடிதத்தின் பொருளும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் பதிவேட்டைப் பார்க்க உறுப்பினர் மலையிறங்க வேண்டும். கட்டண நிலுவையாலோ கருத்து வேறுபாட்டாலோ உறவு முறிந்தால் கடிதங்கள் தேங்கிவிடும். கணக்கர் கடிதத்தைத் தெரிவிக்கத் தவறினாலும் தண்டம் நிறுமத்துக்கும் அதன் அலுவலர்களுக்குமே.

நிறுமத்தின் சொந்தக் கொள்முதல் நிலையம் அல்லது கிடங்கு: தினமும் ஒரு பணியாளர் இருந்தால் இதுவே பொருத்தம். பருவகாலத்தில் மட்டும் திறக்கும் கிடங்கு பயன்படாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஒரே ஊர் எல்லைக்குள் முகவரி மாற்ற இயக்குநரவையின் தீர்மானம் போதும். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு மாற்றுவதானால் உறுப்பினர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். இரண்டிலும் 30 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மலையின் மறுபுறம் கருமந்துறைக்கு மாற்றினால் பதிவாளரே மாறிவிடுவார். கள்ளக்குறிச்சி சென்னைப் பதிவாளரின் எல்லையிலும், சேலம் மாவட்டம் கோயம்புத்தூர்ப் பதிவாளரின் எல்லையிலும் உள்ளன. அதற்கு மண்டல இயக்குநரின் ஒப்புதலும் தேவைப்படும்.

முடிவெடுக்க உதவும் கேள்விகள்

- ஆண்டின் எல்லா மாதங்களிலும் வேலை நாட்களில் அங்குக் கையெழுத்திட்டு வாங்க ஆள் உண்டா?
- வாங்குபவர் அன்றே யாருக்குத் தகவல் சொல்வார்? அவர் இல்லையென்றால் அடுத்தவர் யார்?
- வந்த கடிதங்களைத் தேதியுடன் எழுதிவைக்கும் பதிவேடு இருக்கிறதா?
- பதிவில் உள்ள மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் பார்ப்பவர் இயக்குநரா, வெளியாளா?

கடைசிக் கேள்வி பலர் கவனிக்காதது. நிறுமங்கள் சட்டத்தின் பிரிவு 20 மின்னணு முறையிலும் ஆவணம் அனுப்ப இடம் தருகிறது. சரக்கு மற்றும் சேவை வரி அறிவிப்பைப் பொது இணையவாயிலில் ஏற்றுவதையும் சட்டம் ஒரு வழியாக ஏற்கிறது. சில நிறுமங்களில் கணக்கரின் மின்னஞ்சலே பதிவாகியிருக்கும். அங்கு வீட்டு வாசலில் பலகை மாட்டியிருந்தாலும், அறிவிப்புகளை முதலில் பார்ப்பவர் வெளியாளாகவே இருப்பார். ஆகவே எந்த முகவரியைத் தேர்ந்தாலும் இயக்குநர்களில் ஒருவர் மின்னஞ்சலையும் இணையவாயிலையும் வாரம் ஒருமுறையாவது தாமே பார்ப்பது பாதுகாப்பு. தொடர்பு அலைவரிசை கிடைக்காத ஊரில் இருப்பவருக்கு மாற்றாக, கீழே வசிக்கும் இன்னோர் இயக்குநரிடம் இப்பொறுப்பைத் தீர்மானம் எழுதி ஒப்படைக்கலாம்.