வீட்டுக்குள் விழும் அடி

“கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்.” பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பாக்கள் இப்படிச் சொல்வது ஒரு காலத்தில் வழக்கம். இன்று வாத்தியார் பிரம்பைத் தொட முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடுத்துவிட்டது. சரி, அதே அப்பா வீட்டில் அடித்தால்?

இங்கே சட்டம் தடுமாறுகிறது. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பெற்றோர் நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமல்ல என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 89. அடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள இது நிழல் தருகிறது. கொடுங்காயம் என்றால்தான் அந்த நிழல் விலகும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, தன் பொறுப்பிலுள்ள குழந்தையைத் தேவையற்ற வேதனை உண்டாகும்படி தாக்கினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ‘தேவையற்ற’ என்ற அந்தச் சொல்தான் என்னை உறுத்துகிறது. பிள்ளைக்குத் தேவையான வேதனை என்று ஒன்று உண்டா?

எங்கள் பக்கத்து வீட்டில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் நேரம் எனக்கு அத்துப்படி. ஏழாம் வாய்ப்பாட்டில் பையன் திக்குவான். முதலில் டிவி சத்தம் கூடும். பிறகு மர ஸ்கேல். அடி விழுவதற்கு முன்பே “இனிமே ஒழுங்கா சொல்றேம்மா” என்று கெஞ்சத் தொடங்கிவிடுவான். நான் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தேன். போன் செய்தால் போலீஸ் வந்து அம்மாவைக் கொண்டுபோய்விடுமோ என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு 1979இலேயே சுவீடன் ஒரு வழி கண்டது. பிள்ளையை அடிக்கக் கூடாது என்று உலகில் முதன்முதலாகச் சட்டம் போட்ட நாடு அது. அதைக் குடும்பச் சட்டத்தில் வைத்தார்கள். தனித் தண்டனை எதுவும் சேர்க்கவில்லை. காலை உணவு மேசைக்கு வரும் பால் அட்டைப்பெட்டியில் அந்தச் செய்தியை அச்சிட்டார்கள். நமக்கும் இதுதான் வேண்டும் என்பேன்: 27ஆம் பிரிவின் நிழலிலிருந்து அடியை வெளியே எடுக்க வேண்டும், புதிதாகச் சிறை வேண்டாம்.

சூடு வைப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது வேறு. அங்கே தண்டனைச் சட்டம் தயங்கவே கூடாது.

1098 என்ற குழந்தைகள் உதவிக்கான இலவச எண்ணை அக்கம்பக்கத்தாரும் அழைக்கலாம், குழந்தையே அழைக்கலாம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் நிறுத்துவார்கள். கண்காணிப்போடு பெற்றோரிடமே திருப்பி அனுப்பவும் அந்தக் குழுவால் முடியும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. டிவி சத்தம் கூடிய அந்த மாலைகளில் எனக்கு இது தெரியாது.