மார்பகப் புற்றுநோய்: மீண்டு வந்தவர்களின் நம்பிக்கையும் மகிழ்ச்சியும்

"எனக்கு ஏன் இது வந்தது? நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன்?" மார்பகப் புற்றுநோய் என்று தெரிய வந்ததும் நம் பெண்களில் பலர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இதை அவர்கள் மருத்துவரிடம் கேட்பதில்லை. சாமி அறையில் விளக்கேற்றி வைத்துக் கேட்கிறார்கள். எத்தனையாவது கட்டம், என்ன சிகிச்சை, வேலையிடத்தில் எத்தனை நாள் விடுப்பு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே இந்நோயைப் பற்றிப் பேசும்போது மருந்தை மட்டும் பேசிவிட்டு நம்பிக்கையை ஒதுக்கி வைத்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

பாவத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. உடம்பின் அணுக்களில் ஏற்படும் மாற்றங்களால், சில அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்றுநோய். வயது ஏற ஏற வாய்ப்பு கூடுகிறது. சிறு வயதில் பூப்பெய்தியவர்கள், மாதவிலக்கு தாமதமாக நின்றவர்கள், பிள்ளை பெறாதவர்கள், மாதவிலக்கு நின்ற பிறகு உடல் பருமன் கூடியவர்கள், மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு அபாயம் சற்று அதிகம். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வரும் மரபணுக் கோளாறால் ஏற்படுவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவருக்கும் வருகிறது, போகாதவருக்கும் வருகிறது.

மலேசியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. நம் இந்தியப் பெண்களிடையே இதன் தாக்கம் சீனப் பெண்களை விடச் சற்றுக் குறைவு, மலாய்ப் பெண்களை விட அதிகம். சுகாதார அமைச்சின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் 2016 வரை பதிவானவர்களைப் பற்றிச் சொல்வது கவலை தருகிறது: ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். அமைச்சின் இன்னோர் ஆய்வு 2018ல் வெளியானது. முதல் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிர் வாழ்பவர்கள் நூற்றுக்கு 87 பேர். நான்காம் கட்டத்தில் வந்தவர்களில் நூற்றுக்கு 23 பேர்தான் என்கிறது அது. ஒரே நோய், ஒரே நாடு, பெரும்பாலும் ஒரே மருத்துவமனைகள். வித்தியாசம், வந்த நேரத்தில்தான்.

தாமதம் எங்கே நடக்கிறது?

கட்டி தென்படுகிறது. வலியில்லை. வலியில்லாததால் ஒன்றும் இருக்காது என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. பிறகு வெட்கம். கணவரிடம் சொல்லவே சில மாதங்கள் ஓடிவிடும். அதன் பிறகு யாரோ ஒருவர், "கத்தி பட்டால் பரவிவிடும்" என்பார். இன்னொருவர், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மந்திரிக்கும் ஆளிடம் அழைத்துப் போவார். மூலிகை மருந்து ஆறு மாதம், எலுமிச்சம்பழம் மூன்று மாதம். இப்படிக் காலம் போகிறது. மாற்று மருத்துவத்தை முதலில் நாடியவர்கள் மருத்துவமனைக்குத் தாமதமாகவே வருகிறார்கள் என்பதை நம் நாட்டு மருத்துவர்களின் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

கத்தி பட்டால் பரவும் என்பது தவறு. ஊசி மூலம் சிறிது திசு எடுத்துப் பரிசோதிக்காமல் எந்தக் கட்டி எப்படிப்பட்டது என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பரிசோதிக்கப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்பகத்தை முழுவதுமாக எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் பலரை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது. 1890களில் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் சேர்த்தே எடுத்தார்கள். பல பத்தாண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது. 1981ல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர் வெரோனெசி, சிறிய கட்டியென்றால் அந்தப் பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கிறது என்று ஆய்வு மூலம் மெய்ப்பித்தார். சீக்கிரம் வந்தால் மார்பகத்தையும் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு என்று இதற்குப் பொருள். இதை நம் தாய்மார்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நடிகை கௌதமியை எல்லாருக்கும் தெரியும். 35 வயதில், தம் மார்பகத்தில் கட்டி இருப்பதைத் தாமே தொட்டுப் பார்த்துக் கண்டறிந்தவர் அவர். சிகிச்சை பெற்று மீண்ட பிறகு அதை மறைக்காமல் மேடைக்கு மேடை பேசினார். 'லைஃப் அகெய்ன்' என்ற அறக்கட்டளையையும் தொடங்கினார். திரையுலகில் இருக்கும் ஒரு பெண் இதை வெளியில் சொல்வது சாதாரண விஷயமல்ல. "நல்ல காரியத்துக்கு அவளைக் கூப்பிடலாமா?" என்று இன்னமும் யோசிக்கிற உறவினர்கள் இருக்கும் சமுதாயம் நம்முடையது.

கோவிலும் மருத்துவமனையும்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைப் பாருங்கள். நடந்து போகும் தூரத்திற்குள் ஸ்கோட் சாலை கந்தசாமி கோவில், ஹோலி ரோசரி தேவாலயம், 1894ல் தொடங்கிய புத்த மகா விகாரை எல்லாம் இருக்கின்றன. கிள்ளானில் சுந்தரராஜப் பெருமாள் கோவிலும் லூர்து மாதா தேவாலயமும் உண்டு. சிகிச்சைக் காலத்தில் நம் பெண்கள் இந்த வாசல்களைத் தேடிப் போவது இயல்பு. கதிர்வீச்சு சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம் வரை மருத்துவமனைக்குப் போய்வர வேண்டியிருக்கும். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறவர், திரும்பும் வழியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனால் அன்றைய பயணத்தின் அலுப்பு கொஞ்சம் குறையும்.

தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் கடவுள் மேல் வைப்பதையும் குறிக்கிறது, நாளைய நாள் மேல் வைப்பதையும் குறிக்கிறது, கத்தியைப் பிடித்திருக்கும் மருத்துவர் மேல் வைப்பதையும் குறிக்கிறது. நோயாளிக்கு இந்த மூன்றும் வேண்டும். பிரார்த்தனை கட்டியைக் கரைத்துவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் இரவில் தூக்கம் வராமல் புரளும் ஒரு பெண்ணுக்கு அது துணையாக இருக்கிறது. ஆறு முறை, எட்டு முறை என்று நீளும் கீமோதெரபியைப் பாதியில் விட்டுவிடாமல் முடிக்கும் தெம்பையும் பலருக்கு அதுவே கொடுக்கிறது. இதைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. "மருந்தை நிறுத்து, நான் குணப்படுத்துகிறேன்" என்று சொல்பவர் எவராயினும், அவர் காவி கட்டியவராக இருந்தாலும் கையில் வேதநூலை வைத்திருப்பவராக இருந்தாலும், அவரிடமிருந்து விலகிவிடுவதே நல்லது.

தலைமுடி விஷயத்தையும் சொல்ல வேண்டும். மார்பகத்தை இழப்பதைக் காட்டிலும் முடி கொட்டுவதற்கே அதிகம் அழும் பெண்கள் உண்டு. உடைக்குள் இருப்பது ஊருக்குத் தெரியாது, தலை தெரியும். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் கீமோதெரபி மருந்துகளில் பலவும், முதல் தவணை கொடுத்து இரண்டு மூன்று வாரத்தில் முடியைக் கொட்ட வைத்துவிடும். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். தைப்பூசத்தன்று பத்துமலையில் மொட்டைத் தலையோடு சந்தனம் பூசி நிற்கும் பெண்ணை யாராவது ஏளனமாகப் பார்க்கிறார்களா? கையெடுத்துக் கும்பிடுகிறோம். நோயிடம் பறிகொடுப்பதற்கு முன் தானே முன்வந்து முடிக்காணிக்கை செலுத்திவிடுவது, மனத்தளவில் பெரிய வேறுபாடு என்று தோன்றுகிறது. அதற்கு நம் மரபிலேயே இடமிருக்கிறது.

மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது?

"தைரியமாக இரு, சிரித்துக்கொண்டே இரு" என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அழ வேண்டிய நேரத்தில் அழ விடாமல் செய்வதும் ஒரு வகைக் கொடுமையே. சிகிச்சை முடிந்த பிறகும் பயம் போவதில்லை. ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் முந்தின வாரம் தூக்கம் கெடும். முதுகு வலித்தால் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று மனம் பதறும். தெமோக்சிபென் போன்ற மாத்திரையை ஐந்தாண்டு, சிலர் பத்தாண்டு வரை விழுங்க வேண்டும். அதனால் உடம்பு திடீரென்று அனலாய்க் கொதிக்கும். வீட்டில் இருப்பவர்களோ, "அதான் எல்லாம் முடிந்துவிட்டதே" என்பார்கள்.

இந்த இடத்தில்தான் அதே பாதையில் நடந்து வந்த இன்னொரு பெண் தேவைப்படுகிறார். நியூயார்க்கில் 1952ல் தெரேசே லாஸர் என்ற பெண்மணி தம் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மற்ற நோயாளிகளின் படுக்கையருகே போய்ப் பேசத் தொடங்கினார். அது உலகமெங்கும் பரவியது. நம் நாட்டில் 1986ல் தொடங்கிய மலேசிய மார்பகப் புற்றுநோய் நல்வாழ்வுச் சங்கம் இப்பணியைச் செய்து வருகிறது. பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் இச்சங்கத்தின் தொண்டர்களில் பலர் இந்நோயிலிருந்து மீண்டவர்கள். "எனக்கும் இதுதான் நடந்தது, இதோ உங்கள் முன் நிற்கிறேன்" என்று அவர்கள் சொல்வதற்கு இருக்கும் வலு, எந்த மருத்துவரின் சொல்லுக்கும் இல்லை.

இன்னொரு கதை சுவையானது. மார்பக அறுவை சிகிச்சையில் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பதால், சிலருக்குக் கை வீங்கிவிடும். அதற்குப் பயந்து, "அந்தக் கையால் பாரம் தூக்காதே, அதிகம் அசைக்காதே" என்றே நெடுங்காலம் மருத்துவர்கள் அறிவுரை சொன்னார்கள். கனடாவின் வான்கூவர் நகரில் டாக்டர் டான் மெக்கென்சி இதைக் கேள்விக்குட்படுத்தினார். 1996ல், நோயிலிருந்து மீண்ட 24 பெண்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. பருவம் முடிந்த பிறகும் அப்பெண்கள் படகை விட்டு இறங்க மறுத்துவிட்டார்கள்! இன்று உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட இத்தகைய குழுக்கள் உள்ளன. மலேசியாவிலும் 'பிங்க் சேலஞ்சர்ஸ்' என்ற குழு இருக்கிறது. புத்ராஜெயா ஏரியில் இளஞ்சிவப்புச் சட்டையோடு துடுப்புப் போடுவது அவர்கள்தான்.

துடுப்புப் போடுவது எல்லாருக்கும் ஒத்து வராது. பரவாயில்லை. கோலம் போடுவது, தேவாரம் பாடுவது, தேவாலயப் பாடற்குழுவில் சேர்வது, மாலையில் அரை மணி நேரம் வேகமாக நடப்பது எதுவானாலும் சரி. உடற்பயிற்சி சிகிச்சைக் களைப்பைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் நன்கு உறுதியாகியுள்ளது. உங்களுக்கு எது பொருந்தும், எப்போது தொடங்கலாம் என்பதை உங்களைக் கவனிக்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் போல் குழிவிழுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிற்குப் போகலாம். அங்கு ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவர் பார்த்து, தேவையானால் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் அக்காவையோ மகளையோ துணைக்கு அழைத்துக்கொண்டு போகலாம். கணவரும் கூட வந்தால் மிக நல்லது. மருத்துவர் சொல்வதில் பாதி, பதற்றத்தில் இருப்பவர் காதில் விழாது. கூட இருப்பவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.